ஒப்புமைக் குறிகை மாதிரியெடுக்கும் சுற்றுகளில் மின்திறன் சிக்கனம்

ஒப்புமைக் குறிகை மாதிரியெடுக்கும் சுற்றுகளில் மின்திறன் சிக்கனம் என்பது, தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் ஒரு மின்னழுத்தத்தைக் குறித்த கணங்களில் பிடித்து, எண்ணிம வடிவுக்கு மாற்றித்தரும் மின்சுற்றுகள் செலவிடும் ஆற்றலைக் குறைப்பதற்கான வடிவமைப்பு முறைகளைக் குறிக்கும். இதயமுடுக்கி, காதுகேட்புக் கருவி, மின்கலத்தில் இயங்கும் உணரிகள், கைபேசி ஆகிய அனைத்திலும் இத்தகைய சுற்றுகள் உள்ளன. எண்ணிமச் சுற்றுகளில் திரிதடையங்கள் சிறிதாகச் சிறிதாக மின்செலவு தானாகவே குறைந்து வந்துள்ளது. மாதிரியெடுக்கும் சுற்றுகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. இங்கு வெப்ப இரைச்சல் ஒரு கீழெல்லையை விதிக்கிறது. ஆயினும் நடைமுறையிலுள்ள பெரும்பாலான சுற்றுகள் அந்த எல்லைக்கு மிக மேலேயே இயங்குவதால், சிக்கனத்திற்கான இடம் பெரும்பாலும் மாதிரியைப் பிடிக்கும் உறுப்பில் இல்லை. அதைச் சூழ்ந்துள்ள பகுதிகளிலும், தேவையின்றி எடுக்கப்படும் மாதிரிகளிலுமே உள்ளது.

இக்கட்டுரையில் அனலாக் என்பது ஒப்புமை என்றும், டிஜிட்டல் என்பது எண்ணிம என்றும், சிக்னல் என்பது குறிகை என்றும், சுவிட்சு என்பது ஆளி என்றும், டிரான்சிஸ்டர் என்பது திரிதடையம் என்றும் வழங்கப்படுகின்றன.

அடிப்படைச் சுற்று

மாதிரியெடுக்கும் சுற்றின் மிக எளிய வடிவில் இரண்டே உறுப்புகள் உள்ளன: ஓர் ஆளி, ஒரு மின்தேக்கி. ஆளி மூடியிருக்கும்போது மின்தேக்கியின் மின்னழுத்தம் உள்ளீட்டைப் பின்தொடர்கிறது. ஆளி திறக்கும் கணத்தில் இருந்த மின்னழுத்தம் மின்தேக்கியில் அப்படியே தங்கிவிடுகிறது. பின்னால் உள்ள ஒப்புமை-எண்ணிம மாற்றி அந்த மின்னழுத்தத்தை அளந்து ஓர் எண்ணாகத் தருகிறது. ஆளியாகப் பெரும்பாலும் மாஸ் வகைத் திரிதடையம் பயன்படுகிறது.

ஒரு மின்தேக்கியை மின்தடை வழியாக மின்னேற்றும்போது, மின்வழங்கலிலிருந்து எடுக்கப்படும் ஆற்றல் கொண்மத்தையும், அதாவது மின்தேக்குத்திறனையும், மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கிய அளவாகும். இதில் பாதி மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. மறுபாதி மின்தடையில் வெப்பமாகிறது. மின்தடை சிறிதானாலும் பெரிதானாலும் இந்தப் பாதி இழப்பு மாறுவதில்லை என்பது முதன்முறை கேட்போருக்கு வியப்பளிப்பதாகும். எனவே, ஒரு மாதிரிக்கான ஆற்றலைக் குறைக்க மின்தேக்கியைச் சிறிதாக்குவதே முதலில் தோன்றும் வழி. அதை எதுவரை சிறிதாக்கலாம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வெப்ப இரைச்சல் விதிக்கும் எல்லை

எந்த மின்தடையிலும் மின்னணுக்களின் வெப்ப அசைவினால் ஒரு சிறிய, ஒழுங்கற்ற மின்னழுத்தம் தோன்றுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தறிந்தார். ஹாரி நைக்குவிஸ்ட் இதற்கான கோட்பாட்டு விளக்கத்தை அளித்தார். இருவரின் ஆய்வுக் கட்டுரைகளும் 1928 இல் வெளிவந்தன. இருவரும் சுவீடனில் பிறந்தவர்கள்.

மாதிரியெடுக்கும் ஆளிக்கும் மின்தடை உண்டு. ஆகவே ஆளி திறக்கும் கணத்தில் குறிகையோடு சேர்ந்து இந்த இரைச்சலின் அக்கண மதிப்பும் மின்தேக்கியில் சிறைப்படுகிறது. மின்தடை அதிகமானால் இரைச்சல் அடர்த்தி கூடும். ஆனால் அதே விகிதத்தில் சுற்றின் பட்டையகலம் குறையும். இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், மொத்த இரைச்சலைக் கணக்கிடும் வாய்பாட்டில் மின்தடையே இடம்பெறுவதில்லை:

இரைச்சல் மின்னழுத்தத்தின் இருமடிச் சராசரி = போல்ட்சுமன் மாறிலி × தனிவெப்பநிலை ÷ கொண்மம்

ஆங்கில எழுத்துக் குறியீடுகளை ஒட்டி இது கே.டி./சி இரைச்சல் எனப்படுகிறது. அறை வெப்பநிலையில் (300 கெல்வின்) மேற்கண்ட பெருக்கற்பலன் 4.14 × 10⁻²¹ ஜூல் ஆகும். இதன்படி 1 பிக்கோஃபாரடு மின்தேக்கியில் சிறைப்படும் இரைச்சல் சுமார் 64 மைக்ரோவோல்ட்டு. இதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாயின் மின்தேக்கி நான்கு மடங்கு பெரிதாக வேண்டும்.

ஒரு மாற்றியின் நுட்பம் பிட்டுகளில் அளக்கப்படுகிறது. ஒரு பிட் கூடும்போது அது பிரித்தறியும் படியின் உயரம் பாதியாகிறது. தொடர்ச்சியான மின்னழுத்தத்தைப் படிகளாக்குவதனாலேயே ஓர் இரைச்சல் எழுகிறது. அதன் இருமடிச் சராசரி, படி உயரத்தின் இருமடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மின்தேக்கியின் வெப்ப இரைச்சல் இந்தப் படி இரைச்சலுக்குச் சமமாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டால், 1 வோல்ட்டு வீச்சுள்ள குறிகைக்குத் தேவைப்படும் மிகக் குறைந்த கொண்மமும், அதை முழு வீச்சுக்கு மின்னேற்ற ஆகும் ஆற்றலும் பின்வருமாறு அமையும்.

| பிட்டுகள் | கொண்மம் | ஒரு மாதிரிக்கான ஆற்றல் |
|---|---|---|
| 8 | 3.3 ஃபெம்டோஃபாரடு | 3.3 ஃபெம்டோஜூல் |
| 10 | 52 ஃபெம்டோஃபாரடு | 52 ஃபெம்டோஜூல் |
| 12 | 0.83 பிக்கோஃபாரடு | 0.83 பிக்கோஜூல் |
| 14 | 13 பிக்கோஃபாரடு | 13 பிக்கோஜூல் |
| 16 | 213 பிக்கோஃபாரடு | 213 பிக்கோஜூல் |

ஒவ்வொரு கூடுதல் பிட்டுக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதே இந்த அட்டவணையில் நோக்கத்தக்கது. 12 பிட் போதுமான இடத்தில் 16 பிட் கேட்பவர், 256 மடங்கு ஆற்றலைக் கேட்கிறார். 8 பிட் வரிசையில் உள்ள 3.3 ஃபெம்டோஃபாரடு என்பது கம்பித் தடங்களின் தவிர்க்கவியலாத கொண்மத்தைவிடவும் சிறிதாக அமையக்கூடும். எனவே குறைந்த பிட்டுகளில் வெப்ப இரைச்சல் தடையாவதில்லை. உற்பத்தித் துல்லியமே தடையாகிறது. சுமார் 12 பிட்டுகளுக்கு மேல்தான் இந்த அட்டவணை வடிவமைப்பாளரை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது.

மின்வழங்கல் அழுத்தத்தைக் குறைத்தல்

எண்ணிமச் சுற்றுகளில் மின்வழங்கல் அழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு நிலைமாற்றத்திற்கும் ஆகும் ஆற்றல் கால் பங்காகிவிடும். இதே சூத்திரம் மாதிரியெடுக்கும் சுற்றுக்கும் பொருந்தும் என்று எண்ணுவது மாணவரிடையே பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

குறிகையின் வீச்சு பாதியானால் படியின் உயரமும் பாதியாகும். அதற்கேற்ப இரைச்சலைப் பாதியாக்க, கொண்மத்தை நான்கு மடங்காக்க வேண்டும். கொண்மம் நான்கு மடங்கு, மின்னழுத்தத்தின் இருமடி கால் பங்கு, பெருக்கற்பலன் மாறுவதில்லை. மேலே உள்ள அட்டவணையின் ஆற்றல் நிரல் மின்னழுத்தத்தைச் சார்ந்ததே அன்று.

மின்தேக்கியை இயக்கும் பெருக்கியைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நான்கு மடங்கு பெரிய மின்தேக்கியை அதே நேரத்திற்குள் நிலைகொள்ளச் செய்யப் பெருக்கிக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு மின்னோட்டம் வேண்டும். மின்னழுத்தம் பாதி, மின்னோட்டம் நான்கு மடங்கு. ஆகவே மின்திறன் இரு மடங்காகிறது. உயர் நுட்பம் வேண்டும் கருவிகளில் எண்ணிமப் பகுதி 1 வோல்ட்டுக்குக் கீழ் இயங்கும்போதும் ஒப்புமைப் பகுதிக்கு 3 அல்லது 5 வோல்ட்டு வழங்கல் தனியாக அளிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

தாங்கல் பெருக்கியின் செலவு

உணரியிலிருந்து வரும் குறிகை பொதுவாக மின்தேக்கியை விரைந்து மின்னேற்றும் வலுவுடையதாக இருப்பதில்லை. எனவே இடையில் ஒரு தாங்கல் பெருக்கி வைக்கப்படுகிறது. பல கருவிகளில் மாற்றியைவிட இந்தப் பெருக்கியே மிகுதியான மின்திறனை உண்கிறது.

மின்தேக்கி தன் இறுதி மதிப்பை அரைப்படி பிழைக்குள் அடைய எடுக்கும் நேரம், பிட்டுகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி, அதை 0.69 ஆல் பெருக்கினால் கிடைக்கும் எண்ணிக்கையிலான நேர மாறிலிகள் ஆகும். 12 பிட்டுக்கு இது 9 நேர மாறிலிகள். ஆனால் பெருக்கி தரக்கூடிய மின்னோட்டத்திற்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால், பெரிய மாற்றங்களின்போது மின்னழுத்தம் முதலில் நேர்கோட்டில் மெல்ல ஏறி, பிறகே இறுதி மதிப்பை நோக்கி வளைகிறது. நொடிக்கு 10 இலட்சம் மாதிரிகள் எடுக்கும் சுற்றில், 1 பிக்கோஃபாரடு மின்தேக்கியை 0.25 மைக்ரோநொடியில் 1 வோல்ட்டு உயர்த்த 4 மைக்ரோஆம்பியர் தேவை. இம்மின்னோட்டம் தேவைப்படாத நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் வகையில் பெருக்கி அமைந்திருந்தால், 1 வோல்ட்டு வழங்கலில் 4 மைக்ரோவாட்டு செலவாகும். அதே மின்தேக்கியை ஒவ்வொரு முறையும் மின்னேற்ற ஆகும் செலவோ 1 மைக்ரோவாட்டுக்கு மேற்படாது.

இந்த வீண்செலவைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன. உள்ளீடு மாறும்போது மட்டும் மிகுந்த மின்னோட்டம் தரும் பெருக்கி வகைகள் ஒரு வழி. மாதிரி பிடிக்கும் கட்டத்தில் மட்டும் பெருக்கியை விழிக்கச்செய்து மற்ற நேரங்களில் உறங்கவிடுவது மற்றொன்று. மூன்றாவது வழி, திரிதடையத்தின் வாயில் மின்னழுத்தத்தை அதன் தொடக்க மின்னழுத்தத்திற்குக் கீழே வைத்து இயக்குவது. அந்நிலையில் ஒவ்வொரு மைக்ரோஆம்பியருக்கும் கிடைக்கும் பெருக்க ஆற்றல் உச்சத்தில் இருக்கும். ஈடாக வேகம் குறையும். இம்முறையின் வேர் சுவிட்சர்லாந்தின் கைக்கடிகாரத் தொழிலில் உள்ளது. நியூசாட்டெல் நகரின் மின்னணுக் கடிகார ஆய்வு மையத்தில் குவார்ட்சு கடிகாரங்களுக்கான சுற்றுகளை உருவாக்கிய எரிக் விட்டோசு, ஜான் ஃபெல்ராத்து ஆகியோர் 1977 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆளியை இயக்குதல்

குறைந்த மின்வழங்கலில் ஆளியே தொல்லையாகிவிடுகிறது. மாஸ் திரிதடையத்தின் மின்தடை, வாயிலுக்கும் உள்ளீட்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது. உள்ளீடு உயர உயர ஆளியின் மின்தடை கூடி, மாதிரி திரிபடைகிறது. திரிதடையத்தை அகலமாக்கி மின்தடையைக் குறைக்கலாம். ஆனால் அகலமான வாயிலை ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் மின்னேற்றி இறக்க வேண்டியிருப்பதால் செலவு வேறு வழியில் திரும்பி வருகிறது.

இதற்குத் தீர்வாகத் தனியே ஒரு மின்தேக்கியை மின்வழங்கல் அழுத்தத்திற்கு மின்னேற்றி வைத்துக்கொண்டு, மாதிரி எடுக்கும்போது அதை உள்ளீட்டுக்கும் வாயிலுக்கும் இடையே இணைப்பர். உள்ளீடு எவ்வளவு உயர்ந்தாலும் வாயில் மின்னழுத்தம் அதற்கு மேல் ஒரே அளவு உயர்ந்தே நிற்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆண்ட்ரூ ஆபோ, பால் கிரே ஆகியோர் 1999 இல் வெளியிட்ட 1.5 வோல்ட்டு, 10 பிட் மாற்றியில் கையாண்ட வடிவம் இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது.

மின்னூட்டப் பகிர்வு மாற்றிகள்

மாதிரி பிடிக்கும் மின்தேக்கியையே எண்ணாக மாற்றும் வேலைக்கும் பயன்படுத்தினால் இடையில் பெருக்கி தேவைப்படாது. 1975 இல் பெர்க்லியில் ஜேம்ஸ் மக்கிரியரி, பால் கிரே ஆகியோர் இக்கருத்தை மாஸ் திரிதடையங்களில் செயல்படுத்திக் காட்டினர். இதில் ஒரே மின்தேக்கிக்குப் பதிலாக 1, 2, 4, 8 என இருமடங்காக வளரும் மின்தேக்கிகளின் தொகுதி உள்ளது. அவை அனைத்தும் சேர்ந்து மாதிரியைப் பிடிக்கின்றன. பின்னர் பெரியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேற்கோள் மின்னழுத்தத்துடன் இணைக்கப்பட, ஓர் ஒப்பீட்டி ஒவ்வொரு முறையும் "கூடுதலா, குறைவா" என்று தீர்மானிக்கிறது. தராசில் பெரிய எடைக்கல்லை முதலில் வைத்துப் பார்த்துப் பின் சிறிய கற்களால் சரிசெய்வதற்கு இது ஒப்பாகும். 10 பிட் மாற்றியில் பத்து ஒப்பீடுகளில் விடை கிடைத்துவிடும்.

தேவையில்லாத கல்லைத் தட்டில் வைத்து எடுப்பது வீண் என்பது போல, இம்மாற்றியிலும் ஒரு மின்தேக்கியை மின்னேற்றிப் பார்த்து, விடை "கூடுதல்" என்று வந்தால் மீண்டும் இறக்குவது ஆற்றல் வீணாகும் இடம். 2005 இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் பிரையன் கின்ஸ்பர்க், அனந்த சந்திரகாசன் ஆகியோர் மிகப் பெரிய மின்தேக்கியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து இந்த ஆற்றலை 37 விழுக்காடு குறைத்தனர். 2010 இல் தாய்வானில் இருந்து வெளிவந்த ஒருதிசை நிலைமாற்ற முறை, முதல் ஒப்பீட்டை எந்த மின்தேக்கியையும் தொடாமலேயே செய்து, அதன்பின் ஒவ்வொரு படியிலும் ஒரு மின்தேக்கியை ஒரே திசையில் மட்டும் மாற்றியது. இதனால் மின்தேக்கித் தொகுதியின் நிலைமாற்ற ஆற்றல் சுமார் 81 விழுக்காடு குறைந்தது. ஈடாக, ஒப்பீட்டியின் இரு உள்ளீடுகளின் சராசரி மின்னழுத்தம் படிப்படியாக நகர்ந்துசெல்வதால் அதன் பிழையும் படிக்குப் படி மாறுகிறது. சிக்கனத்திற்கு ஏதேனும் ஒரு விலை இருக்கவே செய்கிறது.

நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008 இல் அறிவிக்கப்பட்ட மாற்றி இவ்வகையில் ஒரு மைல்கல் எனலாம். 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அமைந்த அந்த 10 பிட் மாற்றி, 1 வோல்ட்டு வழங்கலில் நொடிக்கு 10 இலட்சம் மாதிரிகளை எடுக்க 1.9 மைக்ரோவாட்டு மட்டுமே செலவிட்டது. அதில் மின்தேக்கிகள் ஒரே தாவலில் அல்லாமல் படிப்படியாக மின்னேற்றப்பட்டன. ஒரே தாவலில் ஏற்றினால் பாதி ஆற்றல் வெப்பமாகிறது என்று மேலே கூறப்பட்டது. சமமான இரு படிகளில் ஏற்றினால் அந்த இழப்பு பாதியாகும். மூன்று படிகளில் மூன்றில் ஒரு பங்காகும். மேலும், எப்போதும் மின்னோட்டம் ஓடும் உறுப்பு எதுவும் அதில் இல்லாததால், மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் செலவும் அதே விகிதத்தில் குறைந்தது.

வினைத்திறனை அளத்தல்

மாற்றிகளை ஒப்பிட ராபர்ட் வால்டன் 1999 இல் வெளியிட்ட ஆய்வையொட்டிய அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. மின்திறனை, நொடிக்கான மாதிரிகளின் எண்ணிக்கையாலும், பிரித்தறியப்படும் படிகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒரு படிக்கான ஆற்றல் கிடைக்கும். மேற்குறித்த டுவென்டே மாற்றியின் மதிப்பு 4.4 ஃபெம்டோஜூல்.

இந்த அளவுகோலில் ஒரு சாய்வு உண்டு. இது ஒரு பிட்டுக்கு ஆற்றல் இரு மடங்காவதை இயல்பு என்று கொள்கிறது. வெப்ப இரைச்சலோ நான்கு மடங்கு கேட்கிறது. எனவே 8, 10 பிட் மாற்றிகள் இதில் சிறப்பாகவும், 16 பிட் மாற்றிகள் மோசமாகவும் தோன்றும். உயர் நுட்ப மாற்றிகளுக்கு நான்கு மடங்கைக் கணக்கில் கொள்ளும் வேறோர் அளவுகோல் உண்டு. ரிச்சர்டு ஷ்ரையரின் பெயரால் அது அறியப்படுகிறது. இரண்டிலும் தாங்கல் பெருக்கியும் மேற்கோள் மின்னழுத்தம் தரும் சுற்றும் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை என்பதை, விவரத்தாள்களைப் படிப்போர் நினைவில் வைத்தல் நலம்.

மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல்

மாதிரியெடுத்தல் தேற்றத்தின்படி, குறிகையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுக்கப்படும் ஒவ்வொரு மாதிரிக்கும் மின்கலம் விலை கொடுக்கிறது. ஆயினும் வீதத்தை எல்லைக்கு மிக அருகே கொண்டுவருவது எளிதன்று. நொடிக்கு 240 மாதிரிகள் எடுக்கும் கருவியில் 200 எர்ட்சு இரைச்சல் நுழைந்தால், அது 40 எர்ட்சு குறிகையாக வேடமிட்டுத் தோன்றும். அதைத் தடுக்கும் வடிகட்டி எவ்வளவு கூர்மையாக வேண்டுமோ அவ்வளவு மின்திறனை அதுவும் கேட்கும்.

மிகை வீதத்தில் மாதிரி எடுத்துச் சராசரி காண்பதன் மூலம் மின்தேக்கியைச் சிறிதாக்கலாம். நான்கு மாதிரிகளைச் சராசரியாக்கினால் ஒவ்வொரு மின்தேக்கியும் கால் பங்கு இருந்தால் போதும். மொத்த ஆற்றல் அதேதான். ஆனால் வடிகட்டி எளிதாகிவிடுகிறது.

மற்றொரு அணுகுமுறை, கடிகாரத்தைக் கைவிட்டு, குறிகை ஒரு குறித்த அளவு மாறும்போது மட்டும் மாதிரி எடுப்பது. சப்பானின் இரோசி இனோசேயும் உடன்பணியாற்றியோரும் 1966 இல் இவ்வகை முறை ஒன்றை முன்வைத்தனர். பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் யானிசு சிவிடிசு இதை விரிவாக ஆய்ந்தார். இதயத்துடிப்பு போல நீண்ட நேரம் அமைதியாக இருந்து, சட்டென எழுந்து அடங்கும் குறிகைகளுக்கு இது மிகப் பொருத்தமானது. ஆனால் மாற்றத்தைக் கவனிக்கும் ஒப்பீட்டிகள் எப்போதும் விழித்திருக்க வேண்டும். குறிகையில் இரைச்சல் மிகுந்தால் வீணான மாதிரிகள் பெருகி, ஆதாயம் கரைந்துவிடும்.

நேர நடுக்கம்

உயர் அதிர்வெண் குறிகைகளில் ஆளி திறக்கும் கணம் சற்றே முன்பின்னாவதும் இரைச்சலாக மாறுகிறது. 100 மெகாஎர்ட்சு குறிகையில் 1 பிக்கோநொடி நடுக்கம், நுட்பத்தைச் சுமார் 10 பிட்டுக்கு மேல் போகவிடாது. 12 பிட்டுக்கு 0.32 பிக்கோநொடி வேண்டும். நடுக்கத்தைப் பாதியாக்கக் கடிகார அலையியற்றிக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு மின்திறன் தேவைப்படும். வானொலி ஏற்பிகளில் மாற்றியைவிடக் கடிகாரம் மிகுதியாகச் செலவிடுவது இதனாலேயே. மெதுவாக மாறும் குறிகைகளுக்கு இது பொருட்டன்று.

ஓர் எடுத்துக்காட்டு: மின்கல அழுத்தத்தை அளத்தல்

நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு 3 வோல்ட்டு மின்கலத்தின் நிலையை அறிய, இரு சமமான மின்தடைகளால் அழுத்தத்தைப் பாதியாக்கி அளப்பது வழக்கம். 10 கிலோஓம் மின்தடைகள் இரண்டை இட்டால் 150 மைக்ரோஆம்பியர் இடைவிடாது ஓடும். 225 மில்லிஆம்பியர்-மணி கொண்ட நாணய வடிவ மின்கலத்தை, வேறெந்த வேலையும் செய்யாமலேயே, இது இரண்டே மாதங்களில் தீர்த்துவிடும். மின்கலத்தின் நிலையை அளக்கும் சுற்றே மின்கலத்தைக் கொல்கிறது.

1 மெகாஓம் மின்தடைகளை இட்டால் மின்னோட்டம் 1.5 மைக்ரோஆம்பியராகக் குறையும். இப்போது வேறு சிக்கல். மாற்றியின் உள்ளே இருக்கும் மின்தேக்கி 10 பிக்கோஃபாரடு எனில், மின்தடைகளின் இணைமதிப்பான 500 கிலோஓம் வழியாக அதன் நேர மாறிலி 5 மைக்ரோநொடி. 12 பிட் நுட்பத்திற்கு 45 மைக்ரோநொடி காத்திருக்க வேண்டும். மாற்றி 1 மைக்ரோநொடி மட்டுமே காத்திருக்குமாறு அமைக்கப்பட்டிருந்தால் அளவீடு முற்றிலும் தவறாகும்.

மின்தடைகளின் சந்திப்பில் 100 நானோஃபாரடு மின்தேக்கி ஒன்றை வெளியே இணைப்பதே எளிய தீர்வு. உள்ளிருக்கும் சிறிய மின்தேக்கி தனக்கு வேண்டிய மின்னூட்டத்தை இதிலிருந்து நொடிப்பொழுதில் எடுத்துக்கொள்ளும். அதனால் ஏற்படும் சரிவு பத்தாயிரத்தில் ஒரு பங்கே. 12 பிட்டின் அரைப்படி என்பது 8192 இல் ஒரு பங்கு. ஆனால் எடுத்த மின்னூட்டத்தை 500 கிலோஓம் மின்தடை மெல்லவே நிரப்பும். ஒவ்வொரு முறையும் காலியாகித் திரும்பும் 10 பிக்கோஃபாரடு மின்தேக்கி, நொடிக்கு 1000 முறை இயங்கினால் 100 மெகாஓம் மின்தடைபோல் செயல்பட்டு, அளவீட்டை 0.5 விழுக்காடு, அதாவது 20 படிகள் குறைத்துக் காட்டும். நொடிக்கு 10 முறை மட்டும் அளந்தால் பிழை அரைப்படிக்குள் அடங்கிவிடும். மின்கலம் நொடிக்கு ஆயிரம் முறை அளக்கப்பட வேண்டிய பொருளன்று என்பதால் இங்கு இழப்பு ஏதுமில்லை.

மருத்துவக் கருவிகள்

மின்திறன் சிக்கனம் வெறும் வசதியாக அன்றித் தேவையாகவே இருக்கும் துறை, உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகள் ஆகும். இதயமுடுக்கியின் மின்கலம் தீர்ந்தால் மின்கலத்தை மட்டும் மாற்ற இயலாது. அறுவை செய்து கருவிப் பெட்டியையே மாற்ற வேண்டும். 1 ஆம்பியர்-மணி மின்கலம் 10 ஆண்டுகள் உழைக்க வேண்டுமெனில், சராசரி மின்னோட்டம் 11 மைக்ரோஆம்பியருக்கு மேற்படக் கூடாது. இதயத்தைத் தூண்டும் துடிப்பு, கணிப்புச் சுற்று, இதயக் குறிகையைக் கவனிக்கும் சுற்று ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

உடலின் மேல் ஒட்டி இதயமின்னலையைப் பதியும் கருவியை எடுத்துக்கொண்டால், செலவு எங்கே போகிறது என்பது தெளிவாகும். 150 எர்ட்சு வரையுள்ள இக்குறிகையை நொடிக்கு 500 முறை, 10 பிட்டில் மாதிரி எடுப்பதாகக் கொள்வோம். டுவென்டே வகை மாற்றி, கசிவு மின்னோட்டத்தை ஒதுக்கினால், இதற்குச் சுமார் 1 நானோவாட்டு செலவிடும். குறிகையின் வீச்சு 1 மில்லிவோல்ட்டு அளவே ஆதலால் முன்னால் ஒரு பெருக்கி வேண்டும். அதன் இரைச்சல் 2 மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்க, நன்கு வடிவமைக்கப்பட்ட பெருக்கிக்கும் 0.2 மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டம் தேவை. 1 வோல்ட்டு வழங்கலில் இது 200 நானோவாட்டு. நொடிக்கு 5000 பிட்டுகளை வானொலி வழியாக அனுப்ப, ஒரு பிட்டுக்கு 10 நானோஜூல் எனக் கொண்டால், 50 மைக்ரோவாட்டு ஆகும். அதாவது மாற்றி செலவிடும் 1 நானோவாட்டுக்கு எதிராக வானொலி 50,000 நானோவாட்டு செலவிடுகிறது. இத்தகைய கருவியில் மாற்றியை மேலும் சிக்கனமாக்குவதால் மின்கலத்தின் ஆயுள் கூடப்போவதில்லை. அனைத்து மாதிரிகளையும் அனுப்பாமல், துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கருவியிலேயே கணித்து அதை மட்டும் அனுப்புவதே பயன் தரும்.

வானொலி இல்லாத, நொடிக்குப் பல கோடி மாதிரிகள் எடுக்கும் மீயொலிப் படக்கருவிகளில் நிலைமை தலைகீழானது. அங்கு ஒரே கருவியில் நூற்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருக்கக்கூடும். மாற்றியில் மிச்சமாகும் ஒவ்வொரு மில்லிவாட்டும் அத்தனை மடங்காகப் பெருகும்.

இரைச்சலை அளந்து கழித்தல்

கே.டி./சி இரைச்சல் இயற்பியல் விதியாதலால் அதைத் தவிர்க்க இயலாது. ஆனால் ஆளி திறந்தபின் அது ஒரு மாறாத மின்னழுத்தமாக உறைந்துவிடுகிறது. உறைந்த ஒன்றை அளந்து கழிக்க முடியும். ஒளிப்படக் கருவிகளின் மின்னூட்டப் பிணைப்புச் சில்லுகளில், மீளமைப்பினால் எழும் இரைச்சலை இருமுறை மாதிரி எடுத்துக் கழிக்கும் முறையை மார்வின் வைட்டும் உடன்பணியாற்றியோரும் 1974 இல் வெளியிட்டனர். உள்ளீடு மாறிக்கொண்டே இருக்கும் பொதுவான மாதிரியெடுக்கும் சுற்றுகளுக்கு இக்கருத்து வெகு காலம் எட்டாதிருந்தது. 2014 இல் ரான் கபுஸ்தா, ஹையாங் சூ, காலின் லைடன் ஆகியோர், மாதிரி பிடிக்கப்பட்ட பின் சிறிய மின்தேக்கியில் உறைந்துள்ள வெப்ப இரைச்சலைப் பிரித்தெடுத்து நீக்கும் சுற்றை வெளியிட்டனர். இதனால் மாதிரி மின்தேக்கியைச் சிறிதாக்கி, அதை இயக்கும் தாங்கல் பெருக்கியின் சுமையைக் குறைக்க முடிகிறது. இரைச்சலை அளக்கும் கூடுதல் பெருக்கிக்கும் மின்திறன் தேவைப்படுவதால், தாங்கல் பெருக்கியின் செலவு மேலோங்கியிருக்கும் உயர் வேக, உயர் நுட்ப மாற்றிகளிலேயே இம்முறை ஆதாயம் தருகிறது.